நொக்ஸ் கண்ட காலம்

கடிகாரம் எவருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. அரசனுக்கும் ஆண்டிக்கும் அது ஒரே நாழிகையையே அளந்து கொடுக்கின்றது. ஆயினும் மனிதமனம் அவ்வளவை ஏற்றுக்கொள்வதில்லை. தேர்வு மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் மூன்று நொடியாகப் பறக்கின்றது. நோயாளியின் படுக்கையருகே விழித்திருப்போனுக்கு ஓரிரவு ஓராண்டாக நீள்கின்றது. காலத்தின் அளவு கருவியில் உள்ளது. அதன் நீட்சியும் குறுக்கமும் மனத்தில் உள்ளன. இவ்வுண்மையைத் தம் வாழ்வினாலேயே விளக்கிச் சென்ற ஒருவர், நாம் வாழும் இக்கண்டி மலைநாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தார். அவரே றொபேட் நொக்ஸ்.

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். கப்பற்றலைவராகிய தந்தையுடன் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியிற் கடல் கடந்து வந்தார். புயலிற் பாய்மரத்தை இழந்த அவர்களுடைய கப்பல், அதனைச் சீர்செய்யும் பொருட்டுத் திருகோணமலைக்கு அணித்தாயுள்ள கொட்டியாரத்திற் சேர்ந்தது. 1660 ஏப்பிரல் மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மைந்தனையும் மாலுமிகள் பலரையும் பிடித்துக்கொண்டனர். பிடிபட்ட பின்னர், கப்பலில் எஞ்சியிருந்தோருக்குச் செய்தி சொல்லி வருமாறு தந்தை மைந்தனை அனுப்பினார். கப்பலை அடைந்த இளைஞர் அங்கேயே தங்கிவிட்டிருந்தால் தம் நாடு திரும்பியிருக்கலாம். ஆனால் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் மீண்டும் கரைக்கு வந்தார். பத்தொன்பது வயதில், அறிந்தே அவர் ஏற்ற அச்சிறை பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அச்சிறைக்கு மதிலும் இல்லை, விலங்கும் இல்லை. மலையும் காடும் காவலுமே மதிலாயின. கைதிகள் ஊரூராகப் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் முறைவைத்து உணவளித்தனர். வேலை யாதும் கேட்கப்படவில்லை. அரசன் அவர்களைக் கொல்லவுமில்லை, விடவுமில்லை. இன்று விடுதலை வரும், நாளை வரும் என்று எதிர்பார்த்திருப்பதே அவர்கள் தொழிலாயிற்று. உண்டு, உறங்கி, வழிபார்த்திருப்பது எளிய வாழ்வென்று வெளியிலிருந்து காண்போர் எண்ணக்கூடும். உண்மையில் அதுவே பெருந்தண்டனை. செய்தற்கு ஒன்றுமில்லாத மனம் காலத்தையே உற்றுநோக்கத் தொடங்குகின்றது. அவ்வாறு நோக்க நோக்கக் காலம் நகர மறுக்கின்றது.

ஏழு கோறளையைச் சேர்ந்த பண்டார கொஸ்வத்தையில் தந்தையும் மைந்தனும் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. முதியவரைக் காய்ச்சலினும் கவலையே மிகுதியாக வாட்டியது. மகனைத் தம்முடன் அழைத்துவந்து சிறைக்கு ஆளாக்கினோமே என்ற துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1661 பெப்புருவரியில் அவர் இறந்தார். அந்நிய மண்ணில், தாமும் நோயாளியாகக் கிடந்த மைந்தர் ஒரு பணிச்சிறுவனின் துணையோடு தந்தையை அடக்கஞ் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ், ஒரே நாட்களைத் தந்தையின் மனம் சுமக்கமாட்டாது போயிற்று. மைந்தரின் மனம் சுமந்தது. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதே நாம் சிந்திக்கற்பாலது.

மைந்தரிடம் இரண்டு சமய நூல்களே இருந்தன. அவற்றையே திரும்பத் திரும்பப் படித்து, ஏறக்குறைய மனப்பாடமாகவே ஆக்கிக்கொண்டார். சிற்றோடைகளில் தூண்டிலிட்டு மீன்பிடித்தார். அவ்வாறு மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருநாள், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தன் கைக்கு வந்த நூலொன்றினை ஒரு முதியவன் அவருக்குக் காட்டினான். அது ஆங்கில விவிலியம். அதைக் கண்டதும் நொக்ஸின் உள்ளம் துடித்தது. தாம் பின்னிய தொப்பி ஒன்றினைக் கொடுத்து அந்நூலைப் பெற்றுக்கொண்டார். அன்று தொட்டு அவர் நாட்களுக்கு ஒரு நடுவம் வாய்த்தது. நாளின் ஒரு பகுதி படிப்புக்கு, ஒரு பகுதி கைத்தொழிலுக்கு என வகுக்கப்பட்டபோது, அளவிறந்து கிடந்த காலம் கைக்கடங்கிய காலமாயிற்று.

பின்னர் அவர் இடம் மாற்றப்பட்டு, மலைமேலுள்ள லெகுந்தெனியவில் வைக்கப்பட்டார். அதன்பின் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடமைத்தார். தொப்பி பின்னி விற்றார்; பன்றியும் கோழியும் வளர்த்தார்; நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார்; மூட்டை சுமந்து ஊர்தோறும் வாணிகஞ் செய்தார். சிங்கள மொழியை நன்கு கற்றார். மக்களின் உழவு, உணவு, வழக்காறு, வழிபாடு ஆகிய அனைத்தையும் கூர்ந்து கவனித்தார்.

அவர் கவனித்தவற்றுள் காலத்தை அளக்கும் முறையும் ஒன்று. பொதுமக்களிடம் கடிகாரம் இல்லை. அரசனிடத்தில் மட்டும் அடியிற் சிறுதுளையிட்ட செப்புக்கிண்ணம் ஒன்று இருந்தது. அதனை நீரில் மிதக்க விடுவர். துளைவழியே நீர் ஏறி அது நிறைந்து அமிழுங்கால் ஒரு நாழிகை கழிந்தது என்பர். பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது எனக் கணக்கிட்டனர். பண்டைத் தமிழ்மன்னரின் அரண்மனைகளில் நாழிகைக் கணக்கர் கன்னலை வைத்து அளந்த முறையே இது. மக்களுக்கோ மாலை நான்கு மணியளவில் மலரும் அந்திமந்தாரையே கடிகாரம். கிண்ணமும் மலரும் எல்லோர்க்கும் ஒன்றுதான். ஆயினும் வெறுமனே காத்திருந்த கைதிக்குக் கிண்ணம் அமிழ்வதற்கு நெடுநேரம் ஆயிற்று. தொப்பி பின்னிக்கொண்டிருந்த நொக்ஸுக்கோ அந்திமந்தாரை விரைந்து மலர்ந்தது.

அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட தம் பெருநூலில் இத்தகைய முரண்பாடொன்றை எடுத்துக்காட்டியுள்ளார். புதுமை நிறைந்த நாட்கள் கழியும்போது குறுகித் தோன்றும்; நினைத்துப்பார்க்கும்போது நீண்டு தோன்றும். வெறுமையான நாட்கள் கழியும்போது நீளும், நினைவிலோ சுருங்கிப்போகும். நினைவு நாட்களை எண்ணுவதில்லை. நாட்கள் விட்டுச்சென்ற சுவடுகளையே எண்ணுகின்றது.

நொக்ஸின் வாழ்வில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. பல ஆண்டுகளாக வடதிசை வழிகளை வணிகர் வேடத்தில் ஆராய்ந்தபின், 1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் அவர் எலதெத்தவை விட்டுப் புறப்பட்டார். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாக, யானைகள் திரியும் அடர்காட்டினூடே நடந்து, தமிழர் வாழும் வன்னிப்புறத்தை அடைந்து, ஒக்டோபர் 18 இல் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையைச் சேர்ந்தார். சிறையிருந்த காலம் 7,000 நாட்களுக்கு மேல். தப்பிவந்த பயணம் 27 நாட்கள். ஆயினும் அவர் எழுதிய நூலில் அப்பயணம் நாள்நாளாக, இரவிரவாக விரிகின்றது. எலதெத்தவிற் கழிந்த பல ஆண்டுகளோ சிற்சில வரிகளில் அடங்கிவிடுகின்றன.

அச்சம் கவனத்தைக் கூர்மையாக்குகின்றது. கூரிய கவனம் நினைவை நிறைக்கின்றது. உயரத்திலிருந்து வலையில் விழவைக்கப்பட்டோரை ஆராய்ந்து 2007 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றும் இதனோடு ஒத்துப்போகின்றது. பிறர் விழுந்த நேரத்தினும் தாம் விழுந்த நேரம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடுதலென அவர்கள் மதிப்பிட்டனர். ஆனால் விழும்போது அவர்கள் கண்கள் வழக்கத்தினும் விரைவாக எதனையும் காணவில்லை. காலம் உண்மையில் மெதுவாகவில்லை; நினைவே செறிவாயிற்று.

நொக்ஸ் கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 இல் தாயகம் சேர்ந்தார். வழியிற் கப்பலிலேயே தம் வரலாற்றை எழுதினார். அது 1681 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கி உதவியவர் அறிவியலறிஞர் றொபேட் ஹூக். சுருள்வில்லைக் கொண்டு கடிகாரத்தைச் செம்மைப்படுத்த முயன்ற அப்பேரறிஞர், கடிகாரமில்லா நாட்டிற் காலங்கழித்தவரின் நூலுக்குத் துணைநின்றது பொருத்தமே. அதன்பின்னும் நொக்ஸ் கப்பற்றலைவராகக் கடலோடினார். மணஞ்செய்துகொள்ளவில்லை. தம் நூற்பிரதியின் ஏடுகளுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்து, கண்டி நாட்டைப் பற்றி நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் முதுமைவரை எழுதிக்கொண்டே இருந்தார். 1720 இல் மறைந்தார். இழந்த இளமையென்று அவர் வருந்தியிருக்கக்கூடிய அவ்வாண்டுகளே உலகம் அவரை நினைவுகூருவதற்குக் காரணமாயின. அவருடன் கைதிகளாக இருந்த பிறரும் அதே ஆண்டுகளைக் கழித்தனர். அவர்களிற் பெரும்பாலோர் எதனையும் எழுதிவைக்கவில்லை.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்கள், கல்லூரியில் வாழ்ந்த சில ஆண்டுகள் அதன்பின் கழிந்த பல ஆண்டுகளினும் நீண்டவையாகத் தோன்றுவதை உணர்ந்திருப்பர். அது மயக்கமன்று. அக்காலத்தில் முதல் நட்பும், முதல் வெற்றியும், முதல் தோல்வியும் நம் கவனத்தை முழுதும் கவர்ந்திருந்தன. பின்னர் வந்த ஆண்டுகள் ஒன்றுபோலாகவே சுருங்கின. இன்று வகுப்பறையிலிருந்து மணியோசைக்குக் காத்திருக்கும் மாணவர்க்கும் நொக்ஸின் வாழ்வு ஒன்றினை உணர்த்துகின்றது. நமக்கு அளிக்கப்பட்ட ஆண்டுகளின் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் இயலாது. அவற்றை நிறைவுடையனவாக்குவது நம் கருத்தூன்றலே. சிறையிலிருந்த ஒருவர்க்கு அது இயன்றதெனின், உரிமையோடு வாழும் நமக்கு இயலாதென்று கூறுதற்கு இடமில்லை.