வெண்பனிக்காகக் காத்திருந்த விவசாயி

குளிர்காலம் வந்துவிட்டது. ஊரார் கவலைப்பட்டார்கள். பாதை மூடிவிடுமே! மாடுகளுக்குத் தீனி போதுமோ, போதாதோ! அடுப்புக்கு விறகு காணுமோ, காணாதோ!

அந்த ஊரில் ஒரே ஒரு மனிதர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தார். மேகம் திரள்கிறதா? காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது? குளிர் எத்தனை டிகிரி? இன்று இரவு பனி விழுமா?

விழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஓர் ஆண்டு, ஈராண்டு அல்ல. 46 ஆண்டுகள் அவர் இப்படிக் காத்திருந்தார்!

அவர் பெயர் வில்சன் பெண்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் விவசாயி.

இங்கே பனி என்பது, மார்கழி மாதத்தில் புல் நுனியில் முத்துப்போல் நிற்குமே, அந்தப் பனி அல்ல. கடுங்குளிர் நாடுகளில் வானத்தில் இருந்து பஞ்சுபோல் உதிருமே, அந்த வெண்பனி. ஜெரிக்கோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் வெண்பனி ஏறக்குறைய பத்தடி இருக்கும். அவ்வளவு பனி விழும் ஊரில் இருந்துகொண்டு, இன்னும் விழவேண்டும் என்று ஒருவர் ஏங்கினால் ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்றுதான் சொல்லும். சொன்னது.

தாய் கொடுத்த கருவி

பெண்ட்லி 1865-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி பிறந்தார். தகப்பனார் விவசாயி, பால் மாடுகளும் உண்டு. தாயார் திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனுக்கு 14 வயதுவரை வீட்டிலேயே அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதைச் சிறுவன் முழுவதும் படித்து முடித்தான்.

தாயாரிடம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறிய பொருளையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. மகனுக்கு 15 வயதானபோது அதை அவனிடம் கொடுத்தார்.

மற்றப் பையன்கள் பனியை உருண்டையாக உருட்டி எறிந்து விளையாடினார்கள். இவன் ஒரு பனித் துணுக்கை எடுத்துக் கருவியின் கீழே வைத்துப் பார்த்தான்.

அடடா! அது வெறும் துணுக்கு அல்ல. ஆறு இதழ் உள்ள பூ! ஒவ்வோர் இதழிலும் சின்னச் சின்னக் கிளைகள். தேர்ந்த பொற்கொல்லன் இழைத்ததுபோல் அத்தனை நுணுக்கம். இன்னொரு துணுக்கை எடுத்தான். அதுவும் ஆறு இதழ்தான். ஆனால் வேலைப்பாடு வேறு!

பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது மறைந்துவிட்டது.

அந்தப் பூ போனது போனதுதான். உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. பையனின் மனம் பதறியது. எப்படியாவது அதைப் பிடித்து வைக்கவேண்டும் என்ற வெறி அன்று பிறந்தது. மூன்று குளிர்காலம் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து படம் வரைந்தான். பாதி வரைவதற்குள் பூ மறைந்துவிடும்.

நூறு டாலர்

மைக்ராஸ்கோப்புடன் காமிராவைச் சேர்த்தால் படம் பிடிக்கலாம் என்று ஒரு புத்தகத்தில் படித்தான். விலை? ஏறக்குறைய 100 டாலர்! அந்தக் காலத்தில் ஒரு விவசாயிக்கு அது சின்னத் தொகை அல்ல.

தகப்பனாருக்கு இது சுத்த வீண்வேலையாகப் பட்டது. மாட்டைக் கவனிப்பதை விட்டுவிட்டு யாராவது பனியைக் கவனிப்பார்களா? தாயார் பரிந்து பேசினார். சேமித்து வைத்திருந்த பணத்தில் இருந்து காமிரா வந்தது. பையனுக்கு அப்போது வயது 17. பணம் கொடுத்தாரே தவிர, தகப்பனாரின் எண்ணம் கடைசிவரை மாறவில்லை.

காமிரா வந்தும் படம் வரவில்லை. பிடித்தது எல்லாம் வெறும் நிழல். காமிராவின் பின்னால் நின்றால் மைக்ராஸ்கோப்பின் திருகு கைக்கு எட்டாது. சக்கரமும் கயிறும் கட்டி, நின்ற இடத்தில் இருந்தே திருக வழி செய்துகொண்டார். வெளிச்சம் நுழையும் துவாரத்தை மிகவும் சிறிதாக்கினார். அதற்கு ஈடாக அதிக நேரம் திறந்து வைத்தார். சில படங்களுக்கு ஒன்றரை நிமிடம்கூட.

1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி ஒரு பனிப்பூ கண்ணாடித் தகட்டில் தெளிவாகப் பதிந்தது. அந்தக் கருவியின் முன்னால் மண்டியிட்டுவிடலாம் போல் இருந்தது என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை.

எந்தப் பனி நல்ல பனி?

பத்தடி பனி விழும் ஊரில் எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

வெறும் குளிர் போதாது. மேகம் இல்லாத குளிரில் ஒன்றும் விழாது. மேகம் வந்து, குளிர் குறைந்துவிட்டாலோ, பூக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஈரப் பஞ்சாக விழும். காற்று பலமாக அடித்தால் இதழ்கள் முறிந்துவிடும். குளிரும் இருக்கவேண்டும், ஈரமும் இருக்கவேண்டும், காற்றும் அடங்கி இருக்கவேண்டும். மூன்றும் கூடி வருவது எத்தனை நாள்? சில குளிர்காலம் முழுவதற்கும் சில டஜன் நல்ல படங்கள்தான் தேறின. சில குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

அதனால் பெண்ட்லி வானத்தையே பாடமாகப் படித்தார். ஒவ்வொரு பனிப்புயலின்போதும் தேதி, நேரம், குளிர், காற்று, மேகத்தின் வகை எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பெரிய புயல் ஒன்று கடந்து போகும்போது, அதன் மேற்கு, வடமேற்கு ஓரங்களில்தான் அழகிய பூக்கள் விழுகின்றன என்று கண்டுகொண்டார். புயலின் எந்தப் பகுதி தன் ஊருக்கு மேலே வரும் என்பதுதான் அவருடைய கவலை.

நல்ல பனி வந்துவிட்டால் பிறகு பசி, தாகம் தெரியாது. கறுப்புப் பலகை ஒன்றை வெளியே நீட்டிப் பனியை ஏந்துவார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பிடிக்கவில்லையா? ஓர் இறகால் தள்ளிவிட்டு மறுபடி ஏந்துவார். நல்ல பூ கிடைத்துவிட்டால் மெல்லிய குச்சியால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். இறகால் மெல்ல அழுத்துவார். இவ்வளவும் நெருப்பு இல்லாத ஓர் அறையில், வெளிக்குளிரிலேயே நடக்கும். மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுக்காற்று பட்டால் பூ போய்விடும். உருகாவிட்டாலும், காற்றிலேயே கரைந்து ஓரங்கள் மழுங்கிவிடும். எல்லாம் ஒருசில நிமிட வேலை.

ஒன்றைப்போல் ஒன்று உண்டா?

மேகத்தில் மிதக்கும் ஒரு தூசியின் மேல் நீராவி உறைகிறது. அதுதான் பனிப்பூவின் கரு. உறையும்போது தண்ணீரின் மிக நுண்ணிய துகள்கள் ஆறு மூலையாக அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆறு இதழ். கீழே வரும் வழியில் குளிரும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப இதழும் வளரும். ஒவ்வொரு பூவும் வந்த வழி வேறு. ஆகவே உருவமும் வேறு.

ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்ற கருத்தை 1898-ம் ஆண்டில் வெர்மான்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் பெர்க்கின்சுடன் சேர்ந்து பெண்ட்லி கட்டுரையாக வெளியிட்டார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. (1988-ம் ஆண்டில் நான்சி நைட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், இரட்டைப் பிள்ளைபோல் தோன்றும் இரண்டு பனித் துணுக்குகளைக் கண்டார். ஆனால் அவை பூ அல்ல. கிளை இல்லாத சிறு தூண்கள்.)

எல்லோரும் புகழவில்லை. ஜெர்மனியின் வானிலை நிபுணர் ஹெல்மன் குறை சொன்னார். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பூ எடுபடாது என்பதால், பெண்ட்லி நெகட்டிவுக்கு ஒரு நகல் எடுத்து, பூவைச் சுற்றி இருந்ததைப் பேனாக் கத்தியால் சுரண்டி எடுப்பார். அச்சிடும்போது பின்னணி கறுப்பாக வரும். இப்படிச் சுரண்டினால் ஓரம் மாறிவிடாதா என்பது ஹெல்மனின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் சுரண்டியது நகலை. மூலத்தைப் பெண்ட்லி பத்திரமாக வைத்திருந்தார். அவர்மேல் இன்னொரு குறையும் சொல்லலாம். வானத்தில் இருந்து விழுவதில் பெரும்பகுதி உடைந்ததும் கோணலுமான துணுக்குகளே. அவற்றை ஒதுக்கிவிட்டு அழகியவற்றையே அவர் தேடித் தேடி எடுத்தார்.

மாவில் விழுந்த மழை

பனி இல்லாத மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மழைத்துளி எவ்வளவு பெரியது என்று அளந்தார். எதை வைத்து? சமையல் அறை மாவை வைத்து!

ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி, மழையில் சில விநாடி நீட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு சிறு உருண்டையாகத் திரளும். அது காய்ந்த பிறகு அளப்பார். எந்த அளவுத் துளிக்கு எந்த அளவு உருண்டை என்பதை முன்பே சோதித்து வைத்திருந்தார். 1898 முதல் 1904 வரை 70 மழையில் 344 அளவுகள் எடுத்தார். மிகப் பெரிய துளிகூட கால் அங்குலத்தைத் தாண்டவில்லை. இந்த ஆராய்ச்சியின் அருமை வானிலை விஞ்ஞானிகளுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

கணக்குப் பார்த்தால்

பெண்ட்லி குள்ளமானவர், மெலிந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பியானோ, கிளாரினெட், பிடில் வாசிப்பார். நோயுற்ற தாயாரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டார். அதே வீட்டின் ஒரு பகுதியில் அண்ணன் சார்லஸ் குடும்பத்துடன் இருந்தார். அண்ணனும் தகப்பனார் கட்சிதான். பனியால் என்ன பிரயோசனம்?

பிரயோசனம் பணத்தில் இல்லை. ஒரு படத் தகட்டை 5 சென்டுக்கு விற்றார். கல்லூரிகள் வாங்கின. நகை செய்பவர்களும், துணிக்குச் சித்திரம் போடுபவர்களும் வாங்கினார்கள். 1903-ம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு 500 படங்களை இனாமாகவே கொடுத்தார். 1924-ம் ஆண்டில் அமெரிக்க வானிலை ஆராய்ச்சிக் கழகம் அவருக்கு ஒரு பரிசு அளித்தது. தொகை 25 டாலர்! வாழ்நாளில் 15,000 டாலருக்கு மேல் செலவழித்தார். திரும்பி வந்தது 4,000 டாலர்கூட இல்லை. நிலமும் மாடும் இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

வேனில் கால இரவுகளில் துணி உலர்த்தும் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுவார். அதன்மேல் பனிப்பூப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவார். பெரியவர்களும் குழந்தைகளும் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

63 வயதில் வந்த பனி

1928-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி. பெண்ட்லிக்கு 63 வயது முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அன்று தொடங்கிய பனி இரண்டு நாள் விழுந்தது. எத்தனையோ குளிர்காலம் அவர் எதிர்பார்த்திருந்த பனி அதுதான். குளிரும் ஈரமும் காற்றும் கூடி வந்தன. ஏந்திய பலகையில் எல்லாம் பூ. எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டு நாளில் நூறு படத்துக்கு மேல் எடுத்தார். பனி அரசன் தனக்கு அனுப்பிய பரிசு என்று அதைக் கொண்டாடினார். அவர் வாழ்நாளில் அதைப்போல் ஒரு பனி வாய்க்கவில்லை.

மொத்தம் 5,000-க்கு மேல் படங்கள் சேர்ந்தன. அமெரிக்க வானிலை இலாகாவைச் சேர்ந்த ஹம்ப்ரீஸ் என்ற விஞ்ஞானியின் உதவியுடன், அவற்றில் 2,400-க்கு மேல் தேர்ந்தெடுத்து ஒரு பெரிய புத்தகம் தயாராயிற்று. 1931-ம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. பெண்ட்லி அதைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

டிசம்பர் பிறந்தது. மறுபடியும் குளிர். மறுபடியும் நோட்டுப் புத்தகம். டிசம்பர் 7-ந் தேதி, வடக்குக் காற்று அடிக்கிறது, பிற்பகலில் பனி பறக்கிறது என்று குறித்தார். அதன் பிறகு அதில் அவர் எழுதவில்லை.

அந்த நாட்களில்தான் ஒருமுறை பனிப்புயலில் ஆறு மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தார். வயது 66. நிமோனியா ஜுரம் கண்டது. டிசம்பர் 23-ந் தேதி, அவர் பிறந்த அதே ஊரில், தமது பண்ணை வீட்டில் உயிர் பிரிந்தது.

அவருடைய புத்தகம் கடல் கடந்து போயிற்று. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில் உக்கிச்சிரோ நக்காயா என்ற பௌதிகப் பேராசிரியர் அதைப் பார்த்தார். பனிப்பூவைத் தாமே செய்து பார்க்க முடியாதா என்று எண்ணினார். குளிர் அறை ஒன்று அமைத்தார். நூலைக் கட்டிப் பார்த்தார், பூ வளரவில்லை. கடைசியில் ஒரு முயல் ரோமத்தைத் தொங்கவிட்டார். 1936-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த ரோமத்தின் நுனியில், மனிதன் செய்த முதல் பனிப்பூ மலர்ந்தது. எந்தக் குளிரில் எந்த வடிவம் என்று அவர் அட்டவணையும் போட்டார். இலைபோல் கிளைவிடும் அழகிய நட்சத்திரப் பூ மலர்வது, பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய குளிரில். அதுவும் மேகத்தில் ஈரம் நிறைய இருந்தால்தான்.