ராணி சுட்ட துப்பாக்கி

1860-ம் ஆண்டு, ஜூலை 2-ந் தேதி. லண்டன் நகரை அடுத்த விம்பிள்டன் திடலில் பெருங்கூட்டம் கூடி இருந்தது. துப்பாக்கி சுடும் போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி வந்திருந்தார்.

ஒரு தாங்கியில் துப்பாக்கி பொருத்தப்பட்டு இருந்தது. அதன் விசையில் கட்டிய பட்டுக் கயிற்றை ராணி இழுத்தார். குண்டு பாய்ந்தது. 400 கெஜ தூரத்தில் இருந்த இலக்கின் நடுப்புள்ளியை ஒட்டி, ஒன்றரை அங்குலத்துக்குள் தைத்தது!

அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் ஜோசப் விட்வொர்த்.

ஓடிப்போன பையன்

விட்வொர்த், 1803-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். 14 வயதில் மாமாவின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கோ எந்திரங்கள் மேல்தான் ஆசை. மான்செஸ்டர் நகருக்கு ஓடிப்போய், பட்டறைத் தொழிலாளி ஆனார்.

1833-ல் அதே நகரில் சொந்தப் பட்டறை வைத்தார். எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புவது அவர் வழக்கம். திருகாணிகளின் மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1841-ல் அவர் வகுத்த முறை, நாடெங்கும் பரவியது.

தோட்டத்தில் சோதனை

1854-ல் கிரிமியா போர் நடந்தது. துப்பாக்கி செய்யும் எந்திரங்களை அமைத்துத் தரும்படி அரசாங்கம் அவரைக் கேட்டது. எது நல்ல துப்பாக்கி என்று தெரியாமல் எந்திரம் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அரசாங்கச் செலவில், அவருடைய வீட்டுத் தோட்டத்தில் 500 கெஜ நீளத்துக்குக் கொட்டகை போடப்பட்டது. புயலில் அது விழுந்தது. மறுபடியும் கட்டினார். வழி நெடுக மெல்லிய காகிதங்களைத் தொங்கவிட்டுச் சுட்டார். காகிதத்தில் விழுந்த ஓட்டைகள், குண்டு போன பாதையைக் காட்டின.

குழலின் ரகசியம்

பம்பரம் வேகமாகச் சுற்றினால்தான் சாயாமல் நிற்கும். துப்பாக்கிக் குண்டும் அப்படியே. அதைச் சுற்றவைக்கவே குழலின் உட்புறம் திருகு வடிவில் இருக்கிறது. அப்போது ராணுவத்தில் இருந்த என்பீல்டு துப்பாக்கியில், குண்டு ஒரு சுற்றுச் சுற்ற 78 அங்குலம் வேண்டும். விட்வொர்த் அதை 20 அங்குலமாகக் குறைத்தார். துளையை வட்டமாக வைக்காமல், ஆறு பட்டையாக முறுக்கி அமைத்தார். துளையின் அகலத்தை .577 அங்குலத்தில் இருந்து .451 அங்குலமாகச் சுருக்கினார். குண்டின் எடையைக் குறைக்கவில்லை. அதனால் குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் ஆயிற்று. காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போயிற்று.

சுடும்போது குழல் அதிரும். மூங்கிலின் நுனி ஆடும். தடித்த அடிப்பகுதி ஆடாது. குழலும் தடிப்பாக இருந்தால் விறைப்பாக நிற்கும். குறி தப்புவது குறையும். ஆனால், தடிப்பு கூடினால் எடையும் கூடும். சிப்பாய் அதைச் சுமந்து நடக்கவேண்டுமே! வெடிமருந்தின் வேகம் அதிகமாகத் தாக்குவது அடிப்பகுதியைத்தான். அதனால் அங்கே தடிப்பாகவும், முனைக்குப் போகப் போக மெலிவாகவும் குழலைச் செய்வார்கள். துளை சிறுத்தால், அதே பருமனுள்ள குழலில் இரும்புச் சுவர் தடிக்கும்.

வென்றும் தோற்றார்

1857-ல் இரண்டு துப்பாக்கிகளுக்கும் போட்டிச் சோதனை நடந்தது. 500 கெஜத்தில் என்பீல்டு குண்டுகள் சராசரியாக 27 அங்குலம் விலகின. விட்வொர்த் குண்டுகள் நாலரை அங்குலமே விலகின. 1,400 கெஜத்தில் என்பீல்டு இலக்கைத் தொடவே இல்லை.

ஆனாலும் ராணுவம் அதை ஏற்கவில்லை. விலை அதிகம், குழலில் கரி சீக்கிரம் படிகிறது, துளை மிகச் சிறியது என்று காரணம் கூறியது. அதே ராணுவம் 1871-ல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளையும் .45 அங்குலம்தான்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்பகுதியின் குறிகாரர்கள் விட்வொர்த் துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள். எத்தனையோ உயிர்களை அது தொலைவில் இருந்தே பறித்தது.

சேர்த்த செல்வம்

தொழிலில் அவர் பெரும் பணம் சேர்த்தார். பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்கள் எந்திரக் கல்வி கற்பதற்காக, 1868-ல் உதவித்தொகை ஏற்படுத்தினார். 1887-ல் மான்டி கார்லோவில் காலமானார்.

அவருடைய துப்பாக்கி இன்று காட்சிப் பொருள். அவர் ஏற்படுத்திய உதவித்தொகை இன்றும் இளைஞர்களைப் படிக்க வைக்கிறது.