பாட்டிலில் முளைத்த பெரணி... இன்றைய க்ரோ டென்ட்டுக்கு அன்றே வழிகாட்டிய லண்டன் டாக்டர்! யார் இந்த நத்தானியேல் வார்டு?

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். அதே ஊரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளரும் ஆர்க்கிட்டுகள், மேகாலயாவைச் சொந்த ஊராகக் கொண்ட, பூச்சி தின்னும் குடுவைச் செடி எல்லாம் அங்கே உண்டு. இந்த மாதிரிச் செடிகளுக்கு மண்ணை விடக் காற்றுதான் முக்கியம். காற்றில் ஈரம் குறைந்தால் வாடிவிடும், கூடினால் அழுகிவிடும்.

இப்போது மொட்டை மாடி அறையிலும் பால்கனி மூலையிலும் க்ரோ டென்ட் போட்டுச் செடி வளர்ப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். உள்பக்கம் வெள்ளித்தாள் போல மின்னும் ஒரு துணிக் கூடாரம், மேலே எல்இடி லைட், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மீட்டரில் எண் ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்.

மூடிய பெட்டிக்குள் செடியும் ஈரமும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு விவசாயியோ பொறியாளரோ இல்லை. லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். அவருடைய கண்டுபிடிப்பு ஊட்டி மலை வரைக்கும், இலங்கை வரைக்கும் வந்தது.

புகையில் செத்த செடிகள்

நத்தானியேல் பாக்ஷா வார்டு 1791-ல் லண்டனில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். 13 வயதில் பையனை ஜமைக்காவுக்குக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். அங்கே பார்த்த பனை மரங்களும் பெரணிகளும் அவரை விடவே இல்லை. திரும்பி வந்து மருத்துவம் படித்து, கிழக்கு லண்டனில் வெல்குளோஸ் சதுக்கத்தில் அப்பா பார்த்த அதே பிராக்டிஸை எடுத்துக்கொண்டார். பகல் முழுக்க நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் செடி. உலர்த்தி ஒட்டி வைத்த செடி மாதிரிகள் மட்டும் அவரிடம் சுமார் 25,000 சேர்ந்தன.

ஆனா உயிருள்ள செடிதான் தங்கவில்லை. காரணம் நிலக்கரிப் புகை. வீட்டுக்கு வீடு கரி அடுப்பு, சுற்றிலும் தொழிற்சாலைகள். வார்டு வீட்டுக் கொல்லையில் கற்களை அடுக்கி, மேலே ஓட்டை போட்ட குழாய் வைத்துத் தண்ணீர் கசிய விட்டு, பெரணியும் பாசியும் வளர்த்துப் பார்த்தார். தண்ணீர் நிறைய இருந்தும் எல்லாம் கருகிப்போயின. ஒரு கட்டத்தில் முயற்சியையே கைவிட்டுவிட்டார்.

1829: வைத்தது புழு, வந்தது செடி

அவருக்குப் பூச்சிகளிலும் ஆர்வம். 1829-ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை, ஈர மண் போட்ட அகன்ற வாய் பாட்டிலில் புதைத்து மூடி வைத்தார். பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறொன்றைக் கவனித்தார். வெயில் ஏறும்போது மண்ணிலிருந்து ஈரம் மேலே வருகிறது, கண்ணாடியில் துளியாகப் படிகிறது, வழிந்து மறுபடி மண்ணுக்கே போகிறது. மண்ணின் ஈரம் குறையவே இல்லை. பூச்சி வெளியே வருவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னால், மண்ணில் இரண்டு பச்சை முளைகள். ஒன்று பெரணி, இன்னொன்று சாதாரணப் புல். கொல்லையில் எவ்வளவு பாடுபட்டும் வராத பெரணி, யாரும் கேட்காமலே பாட்டிலில் வந்து நின்றது.

பாட்டிலை வடக்கு பார்த்த ஜன்னலுக்கு வெளியே வைத்தார். தண்ணீரே ஊற்றாமல் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் இரண்டு செடியும் இருந்தன. கடைசியில் எப்படிச் செத்தன தெரியுமா? மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. தாகத்தில் சாகாத செடி தண்ணீர் கூடியதால் செத்தது. டென்ட் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கொஞ்சம் சயின்ஸ்

சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத்தான் தாங்கும். மீட்டர் காட்டும் சதவீதம் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதல்ல. அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் அது.

உங்கள் டென்ட்டில் பகலில் 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அளவு. இரவில் லைட்டை அணைக்கிறீர்கள், ஏற்காட்டுக் குளிரில் உள்ளே 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் ஈரப்பதம் 100-ஐத் தொட்டு இலையிலும் துணியிலும் துளி நிற்கும். வார்டு பாட்டிலில் பார்த்தது இதைத்தான். பெரணிக்கு அது சுகம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது சாம்பல் பூஞ்சணத்துக்கு வைக்கும் விருந்து. அதனால்தான் சாயங்காலம் தண்ணீர் ஊற்றாதீர்கள், காலையில் ஊற்றுங்கள், லைட் அணைந்த பிறகும் ஃபேன் ஓடட்டும் என்கிறார்கள்.

வெளியே மூடுபனி, ஃபேன் போட்டால் ஈரக் காற்றுதானே உள்ளே வரும் என்று மலையில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனா 18 டிகிரியில் 95 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்று, டென்ட்டுக்குள் 25 டிகிரிக்குச் சூடானால் 60-65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே உள்ளே இருப்பதை விடக் குளிராக இருக்கும் வரை, பனிக்காற்று கூட டென்ட்டைக் காய வைக்கும்.

இன்னொரு விஷயம். வார்டின் பெட்டி காற்றே புகாத பெட்டி என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று அவரே திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. சூட்டில் காற்று விரிந்து இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும், குளிரில் கொஞ்சம் உள்ளே வரும். புகையும் உப்பும் பெரிய அளவில் புகாது, ஈரம் பெரிய அளவில் தப்பாது. அந்த நடுத்தர மூடல்தான் சூட்சுமம். ஒளியும் வேண்டும். இருட்டில் வைத்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

கப்பல் தளத்தில் 8 மாதம்

அந்தக் காலத்தில் கடல் தாண்டி உயிருள்ள செடி அனுப்புவது கிட்டத்தட்ட சூதாட்டம். உப்புத் துளி தெறிக்கும், மாலுமிக்கே அளந்து கொடுக்கும் நல்ல தண்ணீர் செடிக்கு எங்கே கிடைக்கும்? சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைத்தது என்று 1819-ல் கணக்குச் சொன்னவர்கள் உண்டு.

வார்டு, ஹாக்னியில் பெரிய நர்சரி வைத்திருந்த ஜார்ஜ் லோடிஜஸுடன் சேர்ந்து சோதனைகள் செய்தார். 1833-ல் பெரணி, பாசி, புல் நிரப்பிய இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார். கேப்டன் சார்லஸ் மல்லார்டு. பெட்டிகள் மேல்தளத்திலேயே இருந்தன. சிட்னி போய்ச் சேர்ந்தபோது கிட்டத்தட்ட எல்லாமே பச்சையாக இருந்தன.

திரும்பி வந்த பயணம்தான் உண்மையான பரீட்சை. 1834 பிப்ரவரியில் ஆஸ்திரேலியச் செடிகளை அதே பெட்டிகளில் நட்டு அனுப்பினார்கள். ஹார்ன் முனையைச் சுற்றும்போது குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 7 டிகிரி, தளத்தில் ஓரடிப் பனி. பூமத்திய ரேகையைத் தாண்டும்போது கிட்டத்தட்ட 49 டிகிரி சூடு. எட்டு மாதம், ஒரு தடவை கூடத் தண்ணீர் ஊற்றவில்லை. நவம்பரில் லண்டனில் பெட்டியைத் திறந்தால் செடிகள் செழிப்பாக நின்றன.

1842-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியில், 18 ஆண்டுகளாகத் தண்ணீரே ஊற்றாத பெரணி பாட்டிலைக் காட்சிக்கு வைத்தார். பணக்கார வீட்டு ஹாலில் பெரணிப் பெட்டி வைப்பது பெரிய ஃபேஷன் ஆனது. ஆனால் வார்டு கனவு கண்டது வேறு. புகை படிந்த சந்துகளில் வாழும் தன் நோயாளிகளின் ஜன்னலிலும் ஒரு பசுமை இருக்க வேண்டும், கண்ணாடிக்குள் சுத்தக் காற்று வைத்து நுரையீரல் நோயாளிகளைக் கூடக் கவனிக்கலாம் என்றெல்லாம் யோசித்தார். அது நடக்கவில்லை.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஏற்காடு காபிக்கும் வார்டுக்கும் தொடர்பில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களிலேயே சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்துவிட்டார். பாட்டில் சம்பவம் நடந்ததே அதற்குப் பிறகுதான்.

ஆனா நீலகிரிக்கு வந்தது வேறு கதை. மலேரியா மருந்தான கொய்னா எடுக்கும் சின்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் போனார். செடிகளை வார்டு பெட்டிகளில் அடைத்தார். இங்கிலாந்து சுற்றி, செங்கடல் வெக்கையில் வெந்து, பம்பாய் வழியாக ஊட்டிக்கு வந்து சேர்ந்தவை பிழைக்கவில்லை. ஈரத்தைப் பெட்டி காத்தது, சூட்டைக் குறைக்க அதற்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ப்ரூஸ், கிராஸ் இருவரின் முயற்சியில் வந்த சிவப்புப் பட்டைச் செடிகள்தான் ஊட்டியில் வேர் பிடித்தன.

சீனாவிலிருந்து தேயிலையை இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பிய ராபர்ட் பார்ச்சூன், விதையைப் பெட்டி மண்ணிலேயே விதைத்துவிட்டார். கப்பல் போய்ச் சேர்வதற்குள் அது முளைத்தது. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. பெரும்பாலானவை பிழைத்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அடித்தளம் அதுதான்.

இலங்கை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்காகச் சேலம், திருச்சி பக்கமிருந்தெல்லாம் நம் மக்கள் கடல் தாண்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாகக் கண்டி மலை வரைக்கும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். செடி பிழைக்க எவ்வளவு யோசித்துப் பெட்டி செய்தார்கள் என்று படித்த கையோடு இதைப் படித்தால், மனசு ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறது.

பெட்டி செடியை மட்டும் கொண்டுபோகவும் இல்லை. வேரோடு மண், மண்ணோடு புழு, பூச்சி, பூஞ்சை எல்லாம் சேர்ந்து பயணம் போயின. இறக்குமதியாகும் செடிகளை நாடுகள் சோதிக்க ஆரம்பித்ததற்கு இப்படி வந்த தொல்லைகளும் ஒரு காரணம். இந்தியாவில் அதற்கான பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் 1914-ல் வந்தது.

பேடன்ட் வாங்காத டாக்டர்

வார்டு இதற்குக் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. யார் கேட்டாலும் செய்முறையைச் சொன்னார், வீட்டுக்கு வந்தவர்களுக்குத் திறந்து காட்டினார். ஸ்காட்லாந்தில் மக்கானக்கி என்பவர் சில ஆண்டுகள் முன்பே இதுபோலச் செய்து பார்த்திருந்தார், ஆனால் எழுதி வெளியிடவில்லை. எனவே வார்டின் பெயரே பெட்டிக்கு நிலைத்தது. 1852-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1868 ஜூன் 4-ம் தேதி இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் செயின்ட் லியோனார்ட்ஸ் ஊரில் இறந்தார். அவர் போன பிறகும் அவருடைய பெட்டிகள் கப்பலேறிக்கொண்டே இருந்தன. பிஜி தீவிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கடைசி வார்டு பெட்டி வந்தது 1962-ல், அதாவது ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் தொடங்குவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு. அதற்குள் விமானமும் பிளாஸ்டிக் பையும் வந்துவிட்டிருந்தன.