வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (ஏறத்தாழ 1753 – சனவரி 20, 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கியவர் இவரே. அதன் முதல் அடிக்கோடு பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் அளக்கப்பட்டது.

வாழ்க்கை

இங்கிலாந்தின் யார்க்சயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 33ஆம் படைப்பிரிவில் சேர்ந்து வட அமெரிக்காவில் பணியாற்றிய பின் இந்தியாவுக்கு வந்து, 1799 இல் நான்காம் மைசூர்ப் போரில் பங்கேற்றார். போர் முடிந்ததும் தென்னிந்தியாவைக் கரைக்குக் கரை அளக்கும் திட்டத்தை முன்வைத்து ஒப்புதல் பெற்றார்.

பரங்கிமலை அடிக்கோடு

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில் பணி தொடங்கியது. தொலைவு ஏறத்தாழ 7.5 மைல் (12 கி.மீ.). அளந்த எஃகுச் சங்கிலியின் நீளமோ 100 அடி. எனவே அதனைச் சுமார் 400 முறை இட வேண்டியிருந்தது. கோடை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்து அளவைத் திருத்தினர். முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். ஆனால் அந்த முதற் பக்கத்தில் நேரும் பிழை, அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் தொடரும்.

பின்னர் மாமல்லபுரம் அமைந்துள்ள கரையோரப் பகுதியூடாகக் கடலூர் வரையும், மேற்கே மங்களூர் வரையும் முக்கோணங்கள் நீண்டன. தீபகற்பம் அதுவரையிலான நிலப்படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறுகியது என்பது இதனால் தெரியவந்தது.

செங்கல்பட்டுப் பகுதியில் பாறைக் குன்றுகள் நிலையங்களாக உதவின. குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயில்களே துணை. 1808 இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமுற்றது; லாம்டன் தாமே பல வாரங்கள் உழைத்துச் செப்பனிட்டார்.

முதுமையிலும் ஓய்வு பெறாது, அளவைப் பயணத்தின்போதே மராட்டியப் பகுதியிலுள்ள இங்கன்காட்டில் காலமானார். உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார்.

நிலப்படத்தில் செங்கல்பட்டு

இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களில் குன்றுச்சிகளில் காணப்படும் சிறு முக்கோணக் குறிகள் இத்தகைய நிலையங்களையே குறிக்கின்றன; அருகிலுள்ள எண் உயரமாகும். சமவெளியில் சமவுயரக் கோடுகள் மிக விலகியிருப்பதால் சரிவை அறிவது கடினம். அங்கு ஏரிக்கரைகளே வழிகாட்டி. கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் வில்லாக வளைந்திருக்கும். நீர் வரும் மேட்டுப்பக்கம் திறந்திருக்கும். வற்றும் ஏரிகள் நீல நிறமின்றிக் காட்டப்படுவதால், மழையை நம்பிய ஊர் எது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். பாலாறு பெரும்பாலும் மணற்புள்ளிகளாகவே தோன்றும். அடிக்கோடு சென்ற வெளியில் இன்று பெரும்பகுதி சென்னைப் புறநகரின் கட்டிடங்களால் நிறைந்துள்ளது.