சாரணர் தந்தை பேடன் பவல்

நுழையும்முன்

உயர்ந்த நிலையை அடைய விரும்பாதவர் இலர். அந்நிலையை எவ்வாறு அடைந்தோம், அடைந்தபின் யாருக்குப் பயன்பட்டோம் என்பவற்றைக் கொண்டே உலகம் ஒருவரை மதிப்பிடுகிறது. படைத்துறையில் படிப்படியாக உயர்ந்த ஒருவர், தாம் கற்ற கலையைப் போருக்கன்றி இளைஞரின் நல்வாழ்வுக்கு உரியதாக மாற்றினார். அவர் தொடங்கிய இயக்கத்தின் கதவு நம் நாட்டுச் சிறுவர்க்குத் தொடக்கத்தில் மூடியே இருந்தது. அது திறந்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காடே பள்ளி

இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவியல் பேராசிரியர். மூன்று வயதிலேயே தந்தையை இழந்த பேடன் பவல், தாயார் என்றியெட்டாவின் அரவணைப்பில் வளர்ந்தார். சார்ட்டர்ஹவுசு பள்ளியில் பயின்றபோது வகுப்பறையினும் மிகுதியாகப் பள்ளியை அடுத்திருந்த தோப்பே அவருக்குப் பாடம் கற்பித்தது. ஆசிரியர் கண்ணில் படாமல் மரங்களிடையே மறைந்திருப்பார். முயலைப் பிடித்துப் புகை எழாத சிறு தீயில் சமைப்பார். மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டு விலங்கு சென்ற திசையை அறிவார். விளையாட்டாகப் பழகிய இக்கலை பின்னாளில் உலகெங்கும் பரவும் கல்விமுறையாகும் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

ஆக்சுபோர்டில் சேரும் முயற்சி கைகூடவில்லை. மனம் தளராத அவர் 1876இல் படைத்துறைத் தேர்வை எழுதினார். குதிரைப்படைக்குரிய பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றார். பத்தொன்பது வயதில் இளநிலை அலுவலராக இந்தியாவுக்கு வந்து, இலக்னோவில் பணியேற்றார்.

படைத்துறையில் ஏற்றம்

இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அவர் ஆற்றிய பணியில் வேவு பார்த்தலே தலையாயது. இரவில் விண்மீன்களைக் கொண்டு வழியறிதல், நிலப்படம் வரைதல், ஓசையின்றி நகர்தல், குறைந்த உணவில் தாக்குப்பிடித்தல் ஆகியவற்றில் அவர் தேர்ந்தார். 1897இல் இந்தியாவில் ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைமையை ஏற்றபோது, வீரர்களைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுவித்தார். தேறியவர்க்குத் திசைகாட்டியின் வடமுனையைக் குறிக்கும் சின்னத்தை வழங்கினார். சாரணர் இன்று அணியும் மூவிதழ்ச் சின்னத்தின் தொடக்கம் இதுவே. கட்டளைக்குக் காத்திராமல் தானே சிந்தித்துச் செயல்படும் வீரனை உருவாக்குவதே அப்பயிற்சியின் நோக்கமாகும்.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரைப் போயர் படை சூழ்ந்துகொண்டது. எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளை 217 நாள்கள் எதிர்த்து நின்று பேடன் பவல் நகரைக் காத்தார். பெரியவர்கள் அரண்களில் நின்றமையால், செய்தி கொண்டு செல்லும் பணியை நகரச் சிறுவர் படை ஏற்றது. குண்டுகள் விழும் வெளியிலும் அச்சிறுவர்கள் தம் கடமையைத் தவறாது செய்தனர். பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவரும் பெரியவர்க்கு இணையாக நிற்பர் என்னும் உண்மையை அவர் அங்கே கண்டார். முற்றுகை நீங்கியதும் 43ஆம் வயதில் மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். இங்கிலாந்து அவரை வீரத் திருமகனாகப் போற்றியது. எனினும், முற்றுகைக் காலத்தில் உணவைப் பங்கிட்டபோது அந்நகரின் கறுப்பின மக்கள் பெரிதும் வஞ்சிக்கப்பட்டுப் பட்டினியால் வாடினர் என்பதை வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டுவர். ஒருவரது வாழ்வைக் கற்கும்போது ஒளியுடன் நிழலையும் காண்பதே முறையாகும்.

போரிலிருந்து அமைதிக்கு

படைவீரர்க்காக அவர் எழுதிய வேவுக்கலை நூலை இங்கிலாந்துச் சிறுவர்கள் விரும்பிப் படித்தனர். ஆயுதமும் பகையும் இன்றியே இக்கலையைச் சிறுவர்க்குக் கற்பிக்கலாமே என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது. 1907 ஆகஸ்டு மாதம் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் முகாம் அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கினர்; ஒரே அடுப்பில் சமைத்தனர். நான்கு அணிகளாகப் பிரிந்த அவர்களை அவர்களுள் ஒருவரே வழிநடத்தினார். அடுத்த ஆண்டு, இம்முகாமின் பயனாகச் சிறுவர்க்கான சாரண நூல் வெளிவந்தது. படித்த சிறுவர்கள் தாமாகவே கூடி அணிகள் அமைத்தனர். 1909இல் இலண்டனில் நடைபெற்ற பேரணிக்கு அழைப்பின்றி வந்த சிறுமியரும் தமக்கு இடம் கேட்டனர். அதன் விளைவாகத் தம் தங்கை ஆக்னசின் துணையுடன் 1910இல் சாரணியர் இயக்கத்தையும் அவர் தொடங்கினார். அவ்வாண்டிலேயே படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

படிநிலைகளின் பொருள்

புதிதாகச் சேர்பவர், இரண்டாம் வகுப்புச் சாரணர், முதல் வகுப்புச் சாரணர் எனப் படிநிலைகளை அவர் வகுத்தார். சட்டமும் உறுதிமொழியும் அறிந்து, முடிச்சுகள் போடக் கற்றவர் முதற்படியில் கால்வைப்பார். அடுத்த நிலைக்கு முதலுதவி தெரிதல் வேண்டும். ஓட்டமும் நடையுமாக ஒரு மைல் தொலைவை 12 நிமிடத்தில் கடத்தல் வேண்டும். இரண்டு தீக்குச்சிகளுக்கு மேற்படாமல் விறகுத்தீ மூட்டல் வேண்டும். சிறுதொகையேனும் சேமித்திருத்தல் வேண்டும். முதல் வகுப்புக்கு 50 கெஜம் நீந்துதல், நெடுந்தொலைவு சென்று மீண்டு அப்பயணத்தைப் பற்றி எழுதுதல் முதலிய கடினமான தேர்வுகள் இருந்தன.

அவற்றுள் ஒன்று சிறப்பாக எண்ணத்தக்கது. முதல் வகுப்பை அடைய விரும்புபவர், தாமே பயிற்றுவித்த புதிய சாரணர் ஒருவரை அழைத்து வருதல் வேண்டும். அஃதாவது, பிறர் ஒருவரைக் கைதூக்கி விடாமல் எவரும் உச்சிப்படியை அடைதல் இயலாது. படைத்துறையில் உயர்நிலை என்பது பிறரை ஏவும் அதிகாரத்தைத் தரும். சாரணத்திலோ பிறர்க்கு உழைக்கும் பொறுப்பைத் தரும். நாள்தோறும் ஒரு நற்செயல் என்னும் நெறியும் இக்கருத்தின் விரிவேயாகும்.

இந்தியாவில் மூடிய கதவு

1909இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் அணி தோன்றியது. ஆயினும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அதில் இடம் இருந்தது. அணிவகுப்பும் காட்டுப் பயிற்சியும் கற்கும் இந்திய இளைஞர் ஆட்சிக்கு எதிராக எழுவரோ என ஆங்கில அரசு ஐயுற்றது. தகுதியால் ஏற வேண்டிய படிக்குப் பிறப்பே தடையாயிற்று.

அத்தடையைக் கண்டு நம்மவர் ஓய்ந்திருக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சிறுவர்கள் தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்து, நம் நாட்டுப் பாடல்களைப் பாடினர். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை உருவாக்கினர்.

1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். இந்தியச் சிறுவரின் திறனை நேரில் கண்டார். அவ்வருகையையொட்டி அன்னி பெசன்ட் அம்மையாரின் சங்கம் உலகச் சாரண இயக்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு திறந்தது. சேவா சமிதி தனித்தே இயங்கியது. 1937இல் தில்லியில் நடைபெற்ற பெருந்திரளணிக்கு அவர் மீண்டும் வந்தார். அக்காலத்தில் இந்தியரின் பண்பைக் குறைத்துரைக்கும் கருத்துகளை அவர் வெளியிட்டமை நம் மக்களைப் புண்படுத்தியது. அதன் எதிரொலியாக 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. நாட்டின் விடுதலைக்குப் பின், பிரிந்திருந்த அமைப்புகள் ஒன்றிணைந்து 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் அதனுடன் இணைந்தனர்.

வழிநடை முடிவு

1920இல் இலண்டனில் கூடிய முதல் உலகப் பெருந்திரளணி பேடன் பவலை உலகத் தலைமைச் சாரணராக அறிவித்தது. பேரரசுகள் வழங்கிய பட்டங்களைவிடச் சிறுவர்கள் சூட்டிய இப்பட்டத்திற்கே புகழ் மிகுதி. வாழ்வின் இறுதிக் காலத்தைக் கென்யா நாட்டின் நையேரியில் மனைவி ஒலேவுடன் கழித்த அவர், 1941 ஜனவரி 8ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. வந்த பணி முடிந்தது, வீடு திரும்பினேன் என்பது சாரணர் வழிக்குறிகளில் அதன் பொருளாகும்.

பெருநகரப் பள்ளியாயினும், தறியொலி கேட்கும் பொதட்டூர்பேட்டை போன்ற எல்லையோர ஊரின் பள்ளியாயினும், இன்று சாரணர் ஏறும் படிகள் ஒன்றே. பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் எனத் தொடரும் அப்படிகள், ஆளுநர் பெயரால் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது என உயர்கின்றன. குலமோ செல்வமோ அங்கே கேட்கப்படுவதில்லை. கதவு தட்டியவர்களின் உறுதியால் கிடைத்த உரிமை அது. அப்படிகளில் ஏறுபவர், பின்னே வருபவர்க்குக் கைகொடுத்தலே அவர்களுக்குச் செலுத்தும் நன்றியாகும்.

தெரிந்து தெளிவோம்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் திருவரங்கத்தில் சாரணரைக் கண்டு வணங்குகின்றனர். அங்கே அச்சொல் இடந்தோறும் சென்று அறம் உரைக்கும் சமண முனிவரைக் குறிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. படைத்துறை உயர்வுக்கும் சாரணப் படிநிலை உயர்வுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. புகழ்பெற்றவரின் குறைகளையும் வரலாறு பதிவு செய்ய வேண்டுமா? இப்பாடத்தின் அடிப்படையில் உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.