சோழமண்டலம் கண்ட ஓவியர்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர். அவற்றுள் ஓவியம் பயில்வோரை இறுதிவரை வாட்டும் வினா ஒன்று உண்டு. தூரிகையை எப்போது கீழே வைப்பது என்பதே அது. முந்தி வைத்தால் படம் குறையாக நிற்கும். பிந்தி வைத்தால் உயிர் இழக்கும். மாமல்லபுரத்தில் பணி முற்றுப்பெறாத கல் தேர்களைக் கண்டவர்கள், உளி நின்ற இடத்தையும் கண்டிருப்பர். அந்நகருக்குச் செல்லும் கடற்கரைச் சாலையிலேயே, தூரிகை நிற்கவேண்டிய இடத்தை வாழ்நாளெல்லாம் தேடிய ஒருவர் வாழ்ந்தார். அவரே கே.சி.எஸ். பணிக்கர்.

இளமையும் கல்வியும்

மலபாரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பணிக்கர் பிறந்தார். சிறுவயதிலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். தந்தையின் மறைவால் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையிலும் காப்பீட்டுத் தொழிலிலும் உழைத்தார். 1936ஆம் ஆண்டு, இருபத்தைந்தாம் வயதில்தான், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர முடிந்தது. பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வராகவும் உயர்ந்தார்.

மாறிய அளவுகோல்

தொடக்கத்தில் அவருக்குப் புகழ் தந்தவை நீர்வண்ண ஓவியங்கள். தென்னையும் நீர்நிலையும் வயலும் அவற்றில் ஒளிர்ந்தன. நீர்வண்ணம் திருத்தத்தைப் பொறுக்காது. தாள் உலர்வதற்குள் கை முந்தவேண்டும். கண்ட காட்சி தாளில் வந்துவிட்டதா என்பதே அங்கு முடிவுக்கு அளவுகோல்.

அப்புகழோடு அவர் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. 1954இல் ஐரோப்பா சென்று மேலைநாட்டுப் புத்தோவியங்களை நேரில் கண்டார். நம் மண்ணின் மரபிலிருந்தே புதுமை பிறக்கவேண்டும் என்னும் தேடல் அவருள் வளர்ந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு ஏட்டுப் பக்கம் வழிகாட்டியது என்பர். 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தீட்டலானார். மலையாள எழுத்தை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், பறவை, மீன் ஆகியன அவற்றில் நிறைந்தன.

அரபு எழுத்தணிக் கலையை அறிந்த கண்ணுக்கு எழுத்தே ஓவியமாவது புதிதன்று. எனினும் அங்கு எழுத்து பொருளைச் சுமக்கும். பணிக்கரின் எழுத்தோ படிக்க இயலாதது. ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒரு காட்சியும் இல்லை. கோடும் வண்ணமும் வெற்றிடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா என்பதே இங்கு அளவுகோல். அதனைத் தீர்மானிக்கப் பழகிய கண்ணும் அவசரமற்ற மனமும் வேண்டும்.

பசியும் தூரிகையும்

அவசரமற்ற மனத்துக்கு வயிறு இடந்தரவேண்டுமே! பள்ளியில் தேறிய இளைஞர் பலர் பிழைப்புக்காக வேறு வேலை தேடித் தூரிகையைத் துறந்தனர். எஞ்சியோரின் ஓவியங்களை வாங்குவோரும் மிகச் சிலரே. வாடகைக்காக விற்கப்படும் படம் வாடகை நாளன்றே முடிந்துவிடும் அன்றோ?

இந்நிலைக்குப் பணிக்கர் கண்ட தீர்வு எளியது. பாத்திக் துணி, தோல், உலோகம் ஆகியவற்றில் கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்வது. ஓவியத்தை அதன் போக்கில் வளரவிடுவது. அவ்வருவாயைக் கொண்டே, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களுடன் சோழமண்டல ஓவியர் கிராமம் மலர்ந்தது. மின்விளக்கும் நல்ல பாதையும் அற்ற மணற்பரப்பில், குடிசைகளிலேயே அவர்கள் வாழ்வைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெற்ற பணிக்கர், இறுதிவரை அக்கிராமத்தின் தலைமகனாக விளங்கினார்.

1976இல் லலித் கலா அகாதமியின் உயர்மதிப்புறுப்பினர் சிறப்பினைப் பெற்ற அவர், 1977 சனவரியில் மறைந்தார். ஈஞ்சம்பாக்கம் இன்று சென்னை மாநகரின் பகுதியாகிவிட்டது. கிராமமோ நிலைத்து நிற்கிறது.

கட்டுரையாயினும் ஆய்வேடாயினும், ஒப்படைக்கும் நாளை எண்ணியே முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இதனை எழுதும் எனக்கும் உண்டு. ஒரு படைப்பு நிறைவுறும்வரை காத்திருப்பது கலைஞனின் கடமை. காத்திருக்க அவனுக்கு வாய்ப்பளிப்பது சமுதாயத்தின் கடமை. இரண்டையும் ஒருவரே நிறைவேற்றிக் காட்டினார் என்பதே பணிக்கரின் பெருமை.