அன்பு தேடிய பாரதி

விழுப்புரத்திலிருந்து வரும் சாலை வில்லியனூரையும் ரெட்டியார்பாளையத்தையும் கடந்து புதுச்சேரி நகரை அடைகிறது. நகரின் ஈசுவரன் தருமராசா கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லம் இன்று நினைவு இல்லமாகப் போற்றப்படுகிறது. விடுதலைக் கவிஞராகவும் இதழாசிரியராகவும் அவரை நாடு அறியும். இளமையில் அன்னையை இழந்த ஒரு சிறுவன், வளர்ந்தபின் தன்னைச் சுற்றி அன்புலகம் ஒன்றைப் படைத்துக்கொண்ட வரலாறும் அவ்வில்லத்திற்கு உண்டு.

அன்னையின் மறைவு

சுப்பிரமணியன் 1882 திசம்பர் 11 இல் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர். தாய் இலட்சுமி அம்மாள். 1887 இல் தாய் மறைந்தபோது மகனுக்கு ஐந்து வயது. அதன்பின் பாட்டியின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார். மறுமணம் செய்துகொண்ட தந்தையின் இல்லத்தில் சிற்றன்னை வள்ளியம்மாளும் அவரைப் பரிவுடன் நடத்தினார்.

கணக்கிலும் பொறியியலிலும் மகன் தேர்ச்சி பெறவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளமோ கவிதையை நாடியது. தெருவில் பிற சிறுவர்கள் கூடி விளையாட, தந்தைக்கு அஞ்சித் தான் மட்டும் தனித்திருந்த துயரத்தைப் பிற்காலத்தில் கனவு என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் பாரதியார் பதிவு செய்துள்ளார். பதினோராம் வயதில் எட்டயபுரம் அவையில் பாரதி என்னும் பட்டம் கிடைத்தது. புலமைக்குப் பாராட்டுக் கிடைத்தும் தனிமை நீங்கவில்லை.

பற்றுறவும் வாழ்வும்

குழந்தை தன்னைப் பேணுவோரிடம் கொள்ளும் ஆழ்ந்த பிணைப்பை உளவியலார் பற்றுறவு என்பர். இதனை விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் பௌல்பி. அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், தாய் சிறிது நேரம் பிரிந்து மீளும்போது குழந்தைகள் நடந்துகொள்ளும் முறைகளை நுட்பமாக ஆய்ந்தார். அழைத்தால் அன்னை வருவாள் என்னும் நம்பிக்கை பெற்ற குழந்தை, அச்சமின்றி உலகை அறியப் புறப்படுகிறது. அந்நம்பிக்கை குலைந்த குழந்தைகளுள் சில பிறரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. சில விலகி நிற்கின்றன. வளர்ந்தபின் நட்பிலும் இல்லறத்திலும் இச்சாயல் தொடரக்கூடும். எனினும் அது மாறாத விதியன்று. பின்னாளில் கிட்டும் உறுதியான அன்பு பழைய காயத்தை ஆற்றவல்லது. பாரதியாரின் வாழ்வை இக்கருத்தின் துணைகொண்டு நோக்குவது பயன்தரும்.

காசியில் கிடைத்த நிழல்

1897 இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். பருத்தி ஆலைத் தொழிலில் தந்தை அடைந்த இழப்பால் குடும்பம் வறுமையுற்றிருந்தது. அந்நிலையில் காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாள் அவரை அழைத்துக்கொண்டார். குடுமியை நீக்கி மீசை வளர்த்த இளைஞரை அத்தையின் கணவர் கிருஷ்ணசிவன் முதலில் கடிந்தார். பின்னர்ப் பரிவு காட்டினார். பெற்றோரை இழந்த இளைஞருக்கு அவ்வீடு புகலிடமாயிற்று. வடமொழியும் இந்தியும் கற்று, கங்கைக் கரையில் தம் எண்ணங்களை விரித்துக்கொண்ட காலம் அது.

1905 இல் காசிப் பேராயக் கூட்டத்திற்குச் சென்று திரும்புகையில் கல்கத்தாவில் நிவேதிதை அம்மையாரைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்துவரவில்லை என்னும் அம்மையாரின் வினா அவரை நாணச் செய்தது. பெண்ணைச் சமமாக நடத்தாத நாடு விடுதலை பெற இயலாது என்பதை அன்று உணர்ந்தார். அம்மையாரைத் தம் ஞானகுருவாக ஏற்று நூல்களைக் காணிக்கையாக்கினார்.

புதுச்சேரியில் விரிந்த உறவு

இந்தியா இதழின்மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்ததால், 1908 இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குத் தனியே வந்தார். செல்லம்மாள் பின்னர் வந்து சேர்ந்தார். ஒற்றர் கண்காணிப்பும் வறுமையும் சூழ்ந்த அப்பத்து ஆண்டுகளில்தான் அவருடைய உறவுலகம் விரிந்தது. அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அறிவுத் துணையாயினர். கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர், பின்னாளில் பாரதிதாசன் என்று தம் பெயரையே மாற்றிக்கொள்ளும் அளவிற்கு அவர்பால் ஈடுபாடு கொண்டார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்திற்குப் பாரதியார் பூணூல் அணிவித்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி தம் மகளைப் போலவே அவர் இல்லத்தில் பழகினார்.

தம் மகள் சகுந்தலாவிடம் அவர் அச்சமூட்டும் தந்தையாக நடந்துகொள்ளவில்லை. தமக்கு மறுக்கப்பட்ட விளையாட்டைக் குழந்தைகளின் உரிமையாகப் பாப்பாப் பாட்டில் வைத்தார். முத்தியால்பேட்டைக் குயில்தோப்பில் இயற்கையோடும் உறவு கொண்டார்.

கண்ணன் பாட்டின் 23 பாடல்களும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கவை. இறைவன் அவற்றில் தாயாகவும் தந்தையாகவும் தோழனாகவும் சேவகனாகவும் குழந்தையாகவும் காதலியாகவும் வருகிறான். தாய்க்கண்ணன் உலகையே விளையாட்டுப் பொருளாக்கித் தருகிறான். தந்தைக் கண்ணன் ஏழைகளோடு தோழமை கொள்கிறான். பக்தி மரபும் கவியுள்ளமும் இப்பாடல்களுக்கு அடிப்படை. இளமை இழப்பு ஒன்றே காரணம் என்று கூற இயலாது. ஆயினும் இளமையில் இழந்த உறவுகள் அனைத்தும் ஒருங்கே மீண்டுவரும் இடமாக அந்நூல் விளங்குகிறது.

செல்லம்மாளின் பங்கு

இவ்வன்புலகிற்கு ஒரு விலையும் இருந்தது; அதனைச் செலுத்தியவர் செல்லம்மாள். உலை வைக்க அவர் இரவல் வாங்கி வைத்திருந்த அரிசியைப் பாரதியார் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. குருவிகளின் பசியைக் கண்ட கவிஞரின் உள்ளம் பெரிது. வெறும் பானையைக் கண்டும் இல்லறத்தைக் காத்த மனைவியின் பொறுமை அதனினும் பெரிது. உலகத்திற்கெல்லாம் அன்பை வாரி வழங்கியவர் தம் வீட்டின் தேவையைச் சிலவேளை மறந்தார். இதனை மறைப்பது வரலாறு ஆகாது.

1918 நவம்பரில் புதுச்சேரியை நீங்கிய பாரதியார் கடலூர் அருகே கைதாகி, விடுதலைக்குப்பின் கடையத்தில் வாழ்ந்தார். ஊரார் ஏளனம் செய்தபோதும் மனைவியுடன் இணைந்து தெருவில் நடந்தார். 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை. வறுமையிலும் செல்லம்மாள் தளராது, பாரதி ஆசிரமத்தின் வழியே கணவரின் படைப்புகளை நூலாக்க முனைந்தார். 1951 இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றி உரையாற்றினார்.

ஐந்து வயதில் நேர்ந்த இழப்பைப் பாரதியாரால் மாற்ற இயலவில்லை. பாட்டியும் அத்தையும் மனைவியும் நண்பரும் தந்த அன்பு அவ்வெற்றிடத்தைச் சிறிது சிறிதாக நிரப்பியது. பெற்ற அன்பை அவர் பன்மடங்காக்கிப் பாட்டாகத் தந்தார். இளமை ஒரு மனிதரின் தொடக்கத்தை வரையறுக்கலாம். அவர் சென்றடையும் எல்லையை அவரும் அவரை நேசிப்போரும் சேர்ந்தே வகுக்கின்றனர் என்பதற்குப் பாரதியாரின் வாழ்வு சான்றாகும்.